மணலில் வழுக்கும் மட்டை

ஏரின் கொழு மண்ணைக் கிழித்து உள்ளே இறங்கும். பரம்புப் பலகை அதே சேற்றின்மேல் வழுக்கிக்கொண்டு போகும். கோல்ஃபில் பந்தை உயரத் தூக்கிப்போட உதவும் வெட்ஜ் மட்டையில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன: முன்விளிம்பு கொழு, அடிப்பாகம் பரம்பு. எதன் கை ஓங்கும் என்பதைப் பெரும்பாலும் முடிவுசெய்வது ‘பவுன்ஸ்’ கோணம்.

மட்டையைத் தரையில் நிறுத்திப் பக்கவாட்டில் பாருங்கள். அடிப்பாகத்தின் பின்பகுதி முன்விளிம்பைவிடத் தாழ்ந்திருக்கும். அந்தச் சரிவு தரையோடு உண்டாக்கும் கோணம்தான் பவுன்ஸ்.

இதன் அருமையை உலகுக்குக் காட்டியவர் அமெரிக்க வீரர் ஜீன் சாரசன். அந்நாளில் பங்கர் எனப்படும் மணற்குழிக்குள் பந்து விழுந்தால் பெரிய வீரர்களும் திணறினார்கள். மெல்லிய இரும்பு மட்டை மணலில் புதைந்து நின்றுவிடும். அதற்கு மாற்றாக, பந்தில் படும் முகம் குழிந்த ஒரு மட்டை வந்தது. 1931-இல் அதற்குத் தடை விழுந்தது. அந்தச் சமயத்தில் விமானி ஹோவர்ட் ஹியூஸுடன் விமானத்தில் போனபோது, வால்பகுதி தாழ விமானம் மேலெழுந்ததைக் கண்டு யோசனை பிறந்ததாக சாரசனே சொல்லியிருக்கிறார். ஃபுளோரிடாவில் பட்டறையில் உட்கார்ந்து, மட்டையின் அடியில் ஈயத்தைப் பற்றவைத்து, அதன் பின்பகுதி முன்விளிம்பைவிடத் தாழும்படி அராவினார். 1932-இல் இங்கிலாந்தின் சாண்ட்விச் ஊருக்கு அருகே, பிரின்ஸஸ் மைதானத்தில் நடந்த பிரிட்டிஷ் ஓப்பன் போட்டிக்கு அதைக் கொண்டுபோனார். 283 அடிகளில் கோப்பை அவருடையதானது.

அந்த ஈயம் செய்த வேலை எளிய இயற்பியல். பங்கரில் மட்டை பந்தைத் தொடுவதே இல்லை. இரண்டு அங்குலம் பின்னால் மணலில் இறங்குகிறது. சரிந்த அடிப்பாகம் மணலைக் கீழே தள்ள, மணல் அதை மேலே தள்ளுகிறது. ஆகவே மட்டை ஆழம் போகாமல் பந்துக்கு அடியில் வழுக்கிச் செல்கிறது. பறக்கும் மணல் பந்தையும் சுமந்துகொண்டு வெளியே வருகிறது. ஓட்டாஞ்சில்லைக் குளத்துநீரில் தத்தவிட்டவர்களுக்கு இது உடனே புரியும்.

அப்படியானால் பவுன்ஸ் கூடுதலாக இருப்பதே நல்லதா? இல்லை. ஸ்காட்லாந்தின் கடலோர மைதானங்களைப்போல இறுகிய தரையில் அதே சரிவு பகையாகும். அடிப்பாகம் தரையில் மோதித் துள்ள, முன்விளிம்பு பந்தின் நடுவில் இடிக்கும். பந்து தாழப் பாய்ந்து, கொடிக்குழி இருக்கும் கிரீன் எனும் புல்தரையைத் தாண்டி ஓடும். மட்டையின் முகத்தை வானம் பார்க்கத் திறந்து பிடித்தால் பவுன்ஸ் இன்னும் கூடும் என்பதையும் மறக்கக்கூடாது. இறுகிய தரைக்கும், புல்லைத் தடவினாற்போல அடிக்கும் கைக்கும் 4 முதல் 6 டிகிரி போதும். பொலபொலவென்ற மணலுக்கும், ஈரமான புல்தரைக்கும், மேலிருந்து வெட்டுவதுபோல அடிக்கும் கைக்கும் 10 டிகிரிக்கு மேல் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள் 7 முதல் 10 வரை பார்க்கலாம். பல மட்டைகளில் 56.10 என்று பொறித்திருக்கும்: முகத்தின் சாய்வு 56 டிகிரி, பவுன்ஸ் 10. கடையில் பலரும் முதல் எண்ணை மட்டும் கேட்டு வாங்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உண்மையான வருத்தம் உண்டு.

மேற்பூச்சைப் பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை. குரோம் துருவைத் தடுக்கும். பளபளப்பாக இருந்தால் வெயிலில் கண்ணைக் கூசவைக்கும். கறுப்புப் பூச்சு கூசாது, ஆனால் மணல் உரசி அடியில் சீக்கிரம் தேயும். பூச்சே இல்லாத மட்டை துருப்பிடிக்கும். துருப்பிடித்தால் பந்து நன்றாகச் சுழலும் என்று நம்பி வாங்காதீர்கள். சுழற்சி தருவது முகத்திலுள்ள வரிப்பள்ளங்களும், அவற்றில் புல்லும் ஈரமும் அடையாத சுத்தமும்தான். அந்தப் பள்ளங்களின் கொள்ளளவுக்கும் விளிம்பின் கூர்மைக்கும் 2010 முதல் தொழில்முறைப் போட்டிகளில் கடுமையான வரம்பு இருக்கிறது.

வாங்குமுன் பவுன்ஸ் வேறான இரண்டு மட்டைகளை இரவல் பெற்று, நீங்கள் வழக்கமாக ஆடும் மைதானத்தின் பயிற்சி பங்கரில் பத்துப் பத்து பந்துகள் அடித்து, மணலில் விழும் தடத்தைப் பாருங்கள். ஆழமான குழி விழுந்தால் உங்களுக்குப் பவுன்ஸ் கூடுதலாக வேண்டும்.