எலும்புக்குப் பழகிப்போன நடை

டிசம்பர் 31-க்குள் ஆண்டுச் சந்தா கட்டினால் சலுகை என்று ஜிம்கள் நோட்டீஸ் கொடுக்கத் தொடங்கியதும் வாசகர் கடிதங்கள் குவிகின்றன. பெரும்பாலானவர்கள் கேட்பது ஒன்றுதான்: ஒரே பயிற்சியைத் தொடர்வதா, மாற்றி மாற்றிச் செய்வதா? சந்தாவை முதலில் முடித்துவிடலாம். மூன்று மாதத்துக்கு மேல் கட்டாதீர்கள்.

"தசையைக் குழப்பினால்தான் வளரும்" என்கின்றன விளம்பரங்கள். தசைக்குக் குழப்பம் எல்லாம் கிடையாது. சுமை படிப்படியாகக் கூடினால் வளரும், அவ்வளவுதான். 2019-ல் வெளியான எட்டு வார ஆய்வு ஒன்றில், ஒரு பிரிவினர் ஒரே பயிற்சிகளைச் செய்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு ஒரு செயலி ஒவ்வொரு முறையும் பயிற்சியை மாற்றிக் கொடுத்தது. தசை வளர்ச்சியில் பெரிய வித்தியாசம் இல்லை. மாற்றிச் செய்தவர்களுக்கு ஆர்வம் கூடியிருந்தது. ஆயுள் முழுக்கச் செய்ய வேண்டிய வேலைக்கு இது சின்ன லாபமல்ல.

உடம்புக்குள் மாற்றம் நிஜமாகவே பேசும் இடம் எலும்பு. அதற்குள் புதைந்திருக்கும் ஆஸ்டியோசைட் என்ற செல்கள், எலும்பு இம்மியளவு வளையும்போது உள்ளே திரவம் நகர்வதை உணர்ந்து, அந்த இடத்தைப் பலப்படுத்தச் சொல்லிச் சேதி அனுப்புகின்றன. ஒரே மாதிரி அசைவு தொடர்ந்தால் சீக்கிரமே கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகின்றன. 1984-ல் ரூபின், லான்யன் என்ற இரு ஆய்வாளர்கள் பறவையின் இறக்கை எலும்பில் இதைச் சோதித்தார்கள். நாளுக்கு 36 முறை அழுத்தியபோது எலும்பு கூடியது. 1,800 முறை அழுத்தியும் அதற்கு மேல் கூடவில்லை. மரத்த உணர்வு திரும்பச் சில மணி நேரமாவது ஓய்வு வேண்டும். நடை இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது, சந்தேகமே இல்லை. ஆனால் ஐயாயிரமாவது அடியை எலும்பு பொருட்படுத்துவதில்லை. டென்னிஸ் வீரர்களுக்கு மட்டை பிடிக்கும் கையின் எலும்பு மறு கையைவிடத் தடித்திருக்கும். எலும்பு கேட்பது பழக்கமில்லாத திசையிலிருந்து, கொஞ்ச நேரம், சுருக்கென வரும் அதிர்வு: ஷட்டிலில் பக்கவாட்டுத் தாவல், சிலம்பத்தின் காலடி, ஸ்கிப்பிங் கயிற்றில் இருபது குதி.

அரசுப் பிரசாரம் உறுத்துவது இங்கேதான். 2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் 38 மாவட்டங்களிலும் 8 கி.மீ. நடைபாதை. நல்ல காரியம். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலில் 'வாரம் 150 நிமிடம்' என்ற வரிக்குத்தான் விளம்பரம். வாரம் இரண்டு நாள் தசைப் பயிற்சி, 65 வயதைத் தொட்டவர்களுக்கு மூன்று நாள் சமநிலையும் வலுவும் சேர்ந்த பயிற்சி என்ற வரிகள் யார் கண்ணிலும் படுவதில்லை. நடந்தால் போதும் என்று நம்பிய பாட்டி குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து கிடக்கும்போது அந்த வரிகளின் அருமை தெரிகிறது. சமையல் மேடையை விரல் நுனியால் தொட்டபடி ஒற்றைக் காலில் நின்று பாருங்கள். கணுக்கால் வெடவெடக்கும், கால்விரல்கள் தரையைப் பற்றப் பார்க்கும். அந்த வெடவெடப்புதான் பயிற்சி. பூங்காவில் தினமும் எட்டு போட்டு நடப்பவர்களில் பலருக்கும் இப்படி நின்றால் கால் நடுங்கும்.

மற்ற கேள்விகள்.

பத்தாயிரம் அடி கட்டாயமா? அது 1965-ல் ஜப்பானில் நடையளக்கும் கருவி விற்க வைத்த பெயரிலிருந்து வந்த எண்; சராசரியாக 72 வயதான பெண்களிடம் நடந்த 2019 ஆய்வில் 7,500 அடிக்கு மேல் பலன் கூடவில்லை.

தினமும் மாற்ற வேண்டுமா? வேண்டாம், சுமையைக் கூட்ட அவகாசம் இருக்காது, சில வாரங்களுக்கு ஒருமுறை போதும்.

எலும்பு அடர்த்தி குறைவு என்று தெரிந்தவர்கள் குதிக்கலாமா? டாக்டரைக் கேட்காமல் கூடாது.

தோப்புக்கரணம் கணக்கில் வருமா? வரும், தொடைக்கு அருமையான வேலை.

பிள்ளைகளுக்கு? 5 முதல் 17 வயதுவரை தினமும் சராசரியாக 60 நிமிடம், அதில் வாரம் மூன்று நாளாவது தசையும் எலும்பும் வலுப்பெறும் விளையாட்டு, பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்குக் கொடுத்துவிட்டு இதை எப்படிச் செய்வார்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள்.