மாமன்றத்தில் நாம் பேச முடியாது, பகுதி சபையில் முடியும்

வேலூர் மாநகராட்சியில் 60 வார்டு, ஆம்பூர் நகராட்சியில் 36. மன்றக் கூட்டத்தில் பேசுவது கவுன்சிலர்கள்தான், நாம இல்லை. பொருள் நிரலில் ஏறாத விஷயம் தீர்மானமாகாது. அப்போ நம்ம தெருப் பிரச்சினை அங்கே எப்படிப் போய்ச் சேரும்?

அதுக்கான வழிதான் பகுதி சபை. வார்டு கமிட்டி என்ற பேச்சு 74-வது அரசியல் சட்டத் திருத்தத்திலேயே (1992) உண்டு. தமிழ்நாட்டில் பகுதி சபைக்கான விதிகள் வந்தது 2022-ல்! அதுக்கு முன்னாடி 2016-லிருந்து 2022 பிப்ரவரி தேர்தல் வரை கவுன்சிலரே கிடையாது.

ஒரு வார்டைச் சில பகுதிகளாகப் பிரிப்பாங்க. அந்தப் பகுதி வாக்காளர்கள் எல்லாரும் சபை உறுப்பினர்கள். மூணு மாசத்துக்கு ஒரு தடவையாவது கூடணும். பகுதியின் பிரதிநிதி வார்டு கமிட்டியில் உட்காருவார். கமிட்டித் தலைவர் கவுன்சிலர். பிரதிநிதியை நாம தேர்ந்தெடுப்பதில்லை, மன்றம் நியமிக்கிறது. எனக்குப் பிடிக்காத இடம் அதுதான்.

தோல் தொழில் ஊர்க்காரங்க கவனிக்க வேண்டியது ஒண்ணு. மாசுபடுத்துபவரே ஈடு கட்டணும்னு உச்ச நீதிமன்றம் 1996-ல் சொன்னது நம்ம வேலூர்ப் பகுதி தோல் ஆலை வழக்கில்தான். ஆலைக் கழிவுநீரைக் கண்காணிப்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். தெருக் கால்வாய் நகராட்சியுடையது. "நாத்தம் தாங்கல"ன்னு மட்டும் சொன்னா, "போர்டுகிட்ட போங்க"ன்னு முடிச்சிடலாம். ரெண்டாப் பிரிச்சுக் கேளுங்க: கால்வாயைத் தூர்வாரணும்; ஆலைத் தண்ணி கலந்தால் நகராட்சியே வாரியத்துக்கு எழுதணும். ரெண்டும் கூட்டக் குறிப்பில் ஏறணும். அதன் நகலைப் பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம்.