பிரஷர் பார்க்கிறோம், பலம் பார்க்கிறோமா?

"மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்து சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. வீடு தேடி வந்து பிரஷர், சர்க்கரை மாத்திரை தர்றாங்க. தேவைப்படுறவங்களுக்கு இயன்முறை சிகிச்சையும் உண்டு. நல்ல திட்டம். இன்னைக்கு பாரூர் பக்கம் அறுபது தாண்டிய யாரைக் கேட்டாலும் தன் சுகர் எவ்வளவுன்னு சொல்வார். தன் தசை பலம் எவ்வளவுன்னு கேட்டால் சொல்லத் தெரியாது.

அதை ஏன் தெரிஞ்சுக்கணும்? 2015-ல் லான்செட் இதழில் வந்த "ப்யூர்" ஆய்வு, இந்தியா உட்பட 17 நாடுகளில் 35 முதல் 70 வயது வரையிலான சுமார் 1,40,000 பேரின் கைப்பிடி பலத்தை அளந்து, சராசரியாக 4 வருடம் பின்தொடர்ந்தது. பலம் 5 கிலோ குறையும்போது இறப்பு அபாயம் 16 சதவீதம் அதிகம். யார் முன்னால் இறப்பார் என்பதைக் கணிப்பதில் சிஸ்டாலிக் பிரஷரை (மேல் அளவு) விட இது மேல்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கைப்பிடி ஒரு மீட்டர் மட்டும்தான். ரப்பர் பந்தை அமுக்கிக்கிட்டே இருந்தால் ஆயுள் கூடிடாது. மீட்டர் முள்ளைத் தள்ளினால் டேங்கில் பெட்ரோல் ஏறாது, இல்லையா? பலப்படுத்த வேண்டியது மொத்த உடம்பை, முக்கியமாக தொடை, இடுப்பு.

வயசான பிறகு பலம் ஏறுமா? 1990-ல் மரியா ஃபியாட்டரோன் குழு பாஸ்டனில் 90 வயதை ஒட்டிய 10 பேருக்கு 8 வாரம் தொடைக்கு எடைப்பயிற்சி கொடுத்தது. பயிற்சியை முடித்தவர்களின் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. சின்ன ஆய்வுதான், ஆனால் "இந்த வயசுல இனிமே என்ன"ங்கிற பேச்சுக்கு அது பதில் சொல்லிடுச்சு. பயிற்சியை நிறுத்திய நாலே வாரத்தில் பலம் 32 சதவீதம் இறங்கியதையும் அதே ஆய்வு காட்டியது. அதனால் இது ஒரு கோர்ஸ் மாத்திரை மாதிரி இல்லை, பல் தேய்க்கிற மாதிரி.

"காட்டு வேலை செஞ்ச உடம்பு, இதெல்லாம் எதுக்கு?"ன்னு ஊரில் கேட்பாங்க. ஏரிப் பாசனத்தில் நெல் நட்ட காலத்தில் நியாயமான கேள்வி. இப்போ உழவுக்கு டிராக்டர், அறுப்புக்கு மெஷின். பிள்ளைங்க ஓசூர் கம்பெனிக்குப் போயிட்டாங்க, பெரியவங்க டி.வி. முன்னால். வேலை நின்ன அன்னைக்கே தசையும் கரைய ஆரம்பிக்கும். சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசைதான். ஆக, தசை குறைஞ்சா சர்க்கரைக்கும் அது கெடுதல்.

வீட்டிலேயே சோதிக்கலாம். கைப்பிடி இல்லாத நாற்காலியை சுவரை ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் கட்டி, ஐந்து முறை எழுந்து உட்காரணும். 12 விநாடி அல்லது அதுக்கு மேல் ஆனால் உடல் செயல்திறன் குறைவு என்பது ஆசிய நிபுணர் குழுவின் 2019 அளவுகோல். என் அம்மாவுக்கு 72 வயசு, 17 விநாடி ஆச்சு. பிரஷர் நார்மல்!

அவங்களுக்கு நான் எழுதிக் கொடுத்தது:

1. நாற்காலியில் எழுந்து உட்காருதல், 8 முதல் 12 முறை, இரண்டு சுற்று.
2. சுவரில் கை ஊன்றித் தண்டால், அதே கணக்கு.
3. ஜன்னலைப் பிடித்துக்கொண்டு குதிகால் உயர்த்துதல்.
4. இரண்டு கையிலும் தண்ணீர் பாட்டிலோடு நடை. ஒரு லிட்டர் ஒரு கிலோ, கணக்கு சுலபம்.

வாரம் இரண்டு அல்லது மூன்று நாள், நடுவில் ஒரு நாள் ஓய்வு. சுலபமானதும் எடையைக் கூட்டணும். கூட்டாவிட்டால் பலம் அதே இடத்தில் நிற்கும். மூச்சைப் பிடித்து வைக்கக் கூடாது, பிரஷர் ஏறும். நெஞ்சுவலி, தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்தணும். இதய நோய், சமீபத்தில் ஆபரேஷன் என்றால் முதலில் டாக்டரைக் கேளுங்க.

சாப்பாட்டில், களி மட்டும் போதாது. 100 கிராம் கேழ்வரகில் புரதம் 7 கிராம்தான். கொள்ளில் 20-க்கு மேல். களியோடு கொள்ளுப் பருப்பு, ஒரு முட்டை சேர்த்துக்கலாம். கிட்னி பிரச்சினை உள்ளவங்க மட்டும் டாக்டரிடம் அளவு கேட்கணும்.

ஆயுள் எவ்வளவு கூடும்னு என்னால் சொல்ல முடியாது. ஆனா பாத்ரூமில் யார் கையையும் பிடிக்காம எழுந்திருக்கறதுக்கு இந்தப் பலம்தான் வேணும். இந்த வாரம் உங்க வீட்டுப் பெரியவங்களை நாற்காலியில் உட்கார வச்சு, பக்கத்தில் நின்னு நேரம் பாருங்க.