வானலைக்கு வாய்ப்பூட்டு!

தேநீர்க் கடையிலே நாளேடு விரிகிறது. நாட்டு நடப்பு அலசப்படுகிறது. முடிதிருத்தும் நிலையத்திலே தொலைக்காட்சி முழங்குகிறது. மந்திரியின் பேச்சுக்கு மறுப்புரை கேட்கிறது. ஆட்டோ ஓட்டும் தோழரின் வண்டியிலே பண்பலை வானொலி பாடுகிறது. அதிலே பாட்டு உண்டு, பகடி உண்டு, பட்டுப்புடவை விளம்பரம் உண்டு. அந்த நிலையம் தானே திரட்டிய செய்தி மட்டும் கிடையாது! ஏன்? செய்திக்குப் பஞ்சமா? அறிவிப்பாளருக்கு நாவில்லையா? நா இருக்கிறது; அதிலே டில்லி மாட்டிய பூட்டும் இருக்கிறது.

வானலைக்கு வரம்பே கூடாது, எவரும் எதிலும் ஒலிபரப்பலாம் என்று நாம் கூறவில்லை. ஓர் ஊரில், ஒரே அலைவரிசையில் இருவர் பேசினால் இருவர் பேச்சும் எவர் காதிலும் விழாது. ஒரே ஒலிபெருக்கியை இரண்டு பேச்சாளர்கள் பிடித்திழுத்தால் கூட்டம் என்னவாகும் என்பது நமது தோழர்கள் அறியாததா! ஆகவேதான் உலக நாடுகள் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்திலே கூடி, கப்பலுக்கு இது, விமானத்துக்கு இது, வானொலிக்கு இது என்று அலைகளைப் பங்கிட்டுக்கொள்கின்றன. பண்பலைக்கு 108 மெகாஹெர்ட்சோடு எல்லை; அதற்கு மேலே விமானங்களின் ஆட்சி. சென்னையிலே 91.1, 92.7, 93.5 என்று எண்கள் இடைவெளி விட்டு நிற்பதும் மோதலைத் தவிர்க்கத்தான். இது ஒழுங்கு. இதை ஏற்கிறோம். நாற்சந்தியிலே காவலர் கைகாட்டுகிறார், வண்டி நிற்கிறது, குறையில்லை. அந்தக் காவலரே வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து, "என்ன பேசிக்கொண்டு போகிறாய்? அதைப் பேசாதே!" என்றால்?

அதைத்தான் செய்கிறார்கள். தனியார் பண்பலைக்கு 2011-ல் வகுத்த கொள்கையைப் பாருங்கள். அகில இந்திய வானொலியின் செய்தியறிக்கையை எழுத்து மாறாமல் எடுத்து ஒலிபரப்பலாம். சொந்தச் செய்தி கூடாது. போக்குவரத்து நிலவரம் சொல்லலாம், வானிலை சொல்லலாம், வேலைவாய்ப்பு சொல்லலாம், மின்சாரம் குடிநீர் பற்றிய அறிவிப்பும் சொல்லலாம். அவை "செய்தி" ஆகாதாம்! நாளைக்குத் தண்ணீர் வராது என்று அறிவிக்கலாம். ஏன் வராது என்று விசாரித்துச் சொல்லக் கூடாது. என்னே நுட்பம்! அதே முதலாளி நாளேடு நடத்தினால் எழுதலாம், தொலைக்காட்சி நடத்தினால் காட்டலாம். எழுதப் படிக்கத் தெரியாதவனும், இரு கையும் வேலையிலே இருப்பவனும் கேட்கக்கூடிய ஒரே சாதனத்துக்குத்தான் இந்தத் தடை.

வானலை என்ன, டில்லியின் பாட்டன் சொத்தா? இல்லை என்று உச்சநீதிமன்றமே சொல்லியிருக்கிறது. வங்கக் கிரிக்கெட் சங்கம் தொடுத்த வழக்கிலே, 1995 பிப்ரவரி 9-ல், வானலைகள் பொதுமக்களின் சொத்து. அரசின் ஏகபோகமும் கூடாது, தனியாரின் ஏகபோகமும் கூடாது. சுதந்திரமான பொது அமைப்பு அதைக் கண்காணிக்கட்டும் என்று தீர்ப்பளித்தார்கள். சொத்து மக்களுடையதாம், சாவி மட்டும் டில்லியிடமாம்!

மாநிலங்களின் கதியோ இதைவிடப் பரிதாபம். 1924-ல் சென்னையிலே ஒரு வானொலி மன்றம் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. பணமின்றி அது தளர்ந்தபோது, 1930 ஏப்ரல் முதல் நாள் சென்னை மாநகராட்சியே ஒலிபரப்பை ஏற்று நடத்தியது! ஆம் தோழர்களே, குப்பை அள்ளி, விளக்கேற்றி, வரி வசூலித்த அதே மாநகராட்சிதான். 1938-ல் அகில இந்திய வானொலி நிலையம் இங்கே வரும்வரை அது நடந்தது. வானம் இடிந்து விழுந்துவிடவில்லை.

அதற்கு மூன்றாண்டு முன்பு, 1935-ல் வெள்ளையன் எழுதிய இந்திய அரசுச் சட்டத்திலே 129-ஆம் பிரிவு இருந்தது. ஒரு மாகாண சர்க்கார் ஒலிபரப்பும் நிலையம் அமைத்துக்கொள்ள விரும்பினால், மத்திய சர்க்கார் நியாயமின்றி மறுக்கக் கூடாது என்றது அது. அடிமை நாட்டுச் சட்டத்திலே இருந்த அந்த இடம், விடுதலை நாட்டு அரசியல் சட்டத்திலே காணோம்! ஏழாவது அட்டவணை, மத்தியப் பட்டியல், 31-ஆவது இனம்: அஞ்சல், தந்தி, தொலைபேசி, கம்பியில்லாத் தந்தி, ஒலிபரப்பு அத்தனையும் டில்லிக்கு. 2022 அக்டோபரிலே தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் இன்னும் ஒருபடி மேலே போயிற்று. மாநில அரசுகள் ஒலிபரப்புத் துறையிலே நுழையக் கூடாது, நுழைந்திருந்தால் 2023 முடிவதற்குள் வெளியேற வேண்டும் என்று கூறிற்று. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் நமது கல்வித் தொலைக்காட்சியும் அதன் கண்ணுக்கு உறுத்தல்தான்.

அலைக்கற்றை என்ற சொல்லைக் கேட்டதும் நம்மைப் பார்த்துச் சிரிக்கக் கிளம்புவோர் உண்டு. 2010-ல் 1,76,000 கோடி உத்தேச இழப்பு என்றது தணிக்கை அறிக்கை. 2012-ல் உச்சநீதிமன்றம் 122 உரிமங்களை ரத்துச் செய்தது. 2017 டிசம்பர் 21-ல் தனிநீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட அனைவரையும் விடுவித்தது. மேல்முறையீட்டுக்கு 2024-ல் டில்லி உயர்நீதிமன்றம் அனுமதி தந்தது. அது அதன் வழியே நடக்கட்டும். நாம் கேட்பது ஒன்றுதான். ஏலமே தருமம் என்று அன்று தொண்டை கிழியக் கத்தியவர்கள், 2023-ன் தொலைத்தொடர்புச் சட்டத்திலே செயற்கைக்கோள் சேவைகள் பலவற்றுக்கு ஏலமின்றியே அரசு அலை ஒதுக்கலாம் என்று எழுதினார்களே, அப்போது எங்கே போயிற்று அந்தத் தருமம்? செயற்கைக்கோள் அலையைப் பலர் பகிர்ந்துகொள்ள முடியும் என்று காரணம் சொல்கிறார்கள். காரணம் சரியாகவே இருக்கட்டும். காரணம் கேட்கும் பொறுமை நம் விஷயத்திலே ஏன் இல்லை?

வானொலிச் செய்திக்கு வருவோம். 2023 செப்டம்பரிலே டிராய் அமைப்பு ஒரு பரிந்துரை அனுப்பியது: தனியார் பண்பலை நிலையங்கள், மணிக்குப் பத்து நிமிடம் செய்தி சொல்லட்டும் என்று. மணிக்கு அறுபது நிமிடத்திலே பத்து! அதுவும் பரிந்துரைதான், ஆணையல்ல. அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வரும் நாடாளுமன்ற வேட்பாளரை, எந்தக் கட்சியாயினும், தெருமுனையிலே நிறுத்தி, அந்தப் பத்து நிமிடத்துக்காக அவையிலே எழுந்து பேசுவாரா என்று கேளுங்கள்.