சைக்கிளிலிருந்து விழுந்த முதியவர் எழுந்து நடமாட

அதிகாலையில் கடைத்தெருவிலோ ஆற்றங்கரைச் சாலையிலோ சிறிது நேரம் நின்று பார்க்கிறவர்களுக்கு ஒரு விஷயம் புலப்படாமற் போகாது. மோட்டார் வாகனங்கள் இவ்வளவு பெருகிவிட்ட இக்காலத்திலும், வீடு வீடாகப் பால் ஊற்றுகிறவர், வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போகிறவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், கோயிலுக்குப் பூக்கொண்டு போகிறவர் என்று அறுபதைத் தாண்டிய பலர் இன்னும் சைக்கிளையே நம்பியிருக்கிறார்கள். முழங்கால் வலியால் தெருக்கோடி வரை நடப்பதற்கே சிரமப்படுகிற ஒருவர், சைக்கிளில் ஏறி உட்கார்ந்துவிட்டால் இரண்டு மைல் தூரத்தை அநாயாசமாகக் கடந்துவிடுகிறார். சரீரத்தின் பாரத்தை முழங்காலுக்குப் பதிலாக சீட் தாங்கிக்கொள்வதே அதற்குக் காரணம். அப்படிப்பட்டவர் ஒருநாள் விழுந்துவிட்டால், ரேஷன் கடைக்கும் வங்கிக்கும் பிள்ளைகளின் தயவை எதிர்பாராமல் போய்வந்துகொண்டிருந்த அவருடைய சுதந்திரமும் அன்றைக்கே ஆட்டங்கண்டு விடுகிறது.

இருபது வயதில் விழுந்தவன் முழங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுப் போய்விடுகிறான். எழுபதில் விழுகிறவருக்கோ எலும்பின் அடர்த்தி குறைந்திருக்கிறது, தசை மெலிந்திருக்கிறது, சட்டென்று கையை ஊன்றித் தடுத்துக்கொள்ளும் வேகம் மந்தப்பட்டிருக்கிறது. ஆனாலும் இவற்றால் விளைகிற கேட்டுக்குப் பெரும்பாலும் இன்றைய வைத்தியத்தில் பரிகாரம் உண்டு. விழுந்த பிறகு, அன்பின் மிகுதியாலும் பயத்தாலும் அவரை மாதக்கணக்கில் கட்டிலிலேயே கிடத்தி வைக்கிறோமே, அதனால் விளைகிற கேடுதான் பரிகாரம் காண்பதற்கு அரியது. இதைக் குடும்பத்தார் அறிந்துகொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் முக்கிய நோக்கம்.

முதலில், எப்படி விழுகிறார்கள் என்பதைப் பார்க்கலாம். விபத்து என்றதும் லாரியோ பஸ்ஸோ மோதியதாகவே நாம் எண்ணிக்கொள்கிறோம். முதியவர்கள் சைக்கிளிலிருந்து விழும் சம்பவங்களில் கணிசமானவை, எதுவுமே மோதாமல், ஏறும்போதும் இறங்கும்போதும் நிகழ்கின்றன. வயோதிகர்கள் பெருந்தொகையாகச் சைக்கிள் ஓட்டுகிற நெதர்லாந்து நாட்டில் இதைக் கவனித்து, முதியவர்கள் ஆபத்தின்றித் தொடர்ந்து சைக்கிள் ஓட்டுவதற்கென்றே அரசின் ஆதரவோடு ஒரு தனித் திட்டத்தை நடத்தி வருகிறார்கள். நம் ஊரில் புழங்கும், நடுவில் உயரமான பார் வைத்த சைக்கிளிலிருந்து இறங்க வேண்டுமானால், வலக்காலைப் பின்புறமாக வீசிக் கேரியருக்கு மேலாகக் கொண்டுவர வேண்டும். கேரியரில் புல்லுக்கட்டோ பால் கேனோ இருந்துவிட்டால் வீசிய கால் அதில் இடித்துத் தடைப்பட, உடம்பின் பாரம் முழுவதையும் இடக்கால் ஒன்றே தாங்கி நிற்கிற அந்தக் கணத்தில் நிதானம் தவறி, ஆள் கீழேயும் சைக்கிள் மேலேயுமாகச் சாய்ந்துவிடுகிறார். செயின் கவர் கழன்றுபோன சைக்கிளில் வேட்டி நுனி சிக்கிக்கொள்வதும், ஹேண்டில்பாரில் மாட்டிய துணிப்பை ஆடி ஆடி முன்சக்கரத்துக் கம்பிகளுக்குள் புகுந்துவிடுவதும் இவ்வகையைச் சேர்ந்தவையே.

வேறு சில விழுகைகளுக்குக் காரணம் சைக்கிளில் இல்லை, தேகத்திலேயே இருக்கிறது. இரத்தக் கொதிப்புக்கு உட்கொள்ளும் மாத்திரையால் தலை கிறுகிறுக்கலாம். நீரிழிவு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு புறப்பட்டவருக்குச் சர்க்கரை இறங்கிக் கண் இருட்டலாம். கண்புரை முற்றியவருக்கு மேடு பள்ளம் தெரியாமற் போகலாம். ஆகவே விழுந்தவரிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்பதோடு, விழுவதற்கு முன் தலை சுற்றியதா என்பதையும் மறவாமல் கேட்க வேண்டும். முறிந்த கைக்கு மாவுக்கட்டுப் போட்டுவிட்டு, விழச்செய்த காரணத்தை அப்படியே விட்டுவிட்டால் இரண்டாம் முறை விழுவதற்கு வெகுநாள் ஆகாது.

முறிகிற எலும்புகளில் மூன்று முக்கியமானவை. உள்ளங்கையை ஊன்றி விழுந்தால் மணிக்கட்டுக்குச் சற்று மேலே எலும்பு முறிகிறது. எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்படுவதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்னால், 1814-இல், ஆபிரகாம் காலிஸ் என்ற ஐரிஷ் சர்ஜன் இம்முறிவை விவரித்தமையால் இன்றளவும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. எலும்பை நேராக்கி, சுமார் ஆறு வாரம் கட்டுப் போட்டுவைத்தால் பெரும்பாலும் கூடிவிடும். தோள்பட்டை தரையில் மோதினால் காறை எலும்பு முறியும். கையைத் தூளியில் தொங்கவிட்டு வைத்தாலே அநேகருக்குப் போதும். இவ்விரண்டையும் போலன்றி, ஆபத்தானது இடுப்பையொட்டித் தொடையெலும்பின் மேல்முனையில் ஏற்படும் முறிவு. பக்கவாட்டில் விழுந்தவருடைய ஒரு கால் சற்றே குட்டையாகி, பாதம் வெளிப்புறமாகத் திரும்பிக் கிடக்குமானால் அதுவேதான் என்று கொள்ளலாம். சில வேளைகளில் முறிந்த துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்வதால், அவர் நொண்டியாவது நடந்துவிடுவார். தொடையிடுக்கில் வலி என்று மட்டும் சொல்வார். வீட்டாரும் சுளுக்கு என்று எண்ணித் தைலம் தேய்ப்பார்கள். முதியவர் விழுந்த பிறகு தொடையிடுக்கில் வலி என்று சொன்னால், எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காமல் அதைச் சுளுக்கு என்று தீர்மானிக்கக் கூடாது.

எலும்பு முறிந்தால் எண்ணெய்க்கட்டுப் போடும் வழக்கம் நம்மிடையே பரம்பரையாக இருந்து வருகிறது. ஆந்திர எல்லையை அடுத்த புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தவர்கள் வட தமிழ்நாட்டில் ஏராளம். அந்தப் பரம்பரையின் மீது மக்களுக்குள்ள மரியாதையைக் குறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் இடுப்பை ஒட்டிய இந்த முறிவை எந்தக் கட்டும் இழுத்துப் பிடித்து நிறுத்த முடியாது. தொடையெலும்பின் உருண்டைத் தலைக்கு இரத்தம் பெரும்பாலும் அதன் கழுத்தின் வழியாகவே போய்ச் சேருகிறது. கழுத்து முறிந்து விலகினால் அந்தத் தலை பட்டுப்போகும் அபாயம் உண்டாகிறது. ஆதலால்தான் முதியவர்களுக்கு அதை எடுத்துவிட்டுச் செயற்கைத் தலை வைக்கிறார்கள். முறிவு சற்றுக் கீழே இருந்தால் உலோகக் கம்பியோ தகடோ வைத்துப் பிணைக்கிறார்கள். இந்த அறுவைச் சிகிச்சையை, உடல்நிலை இடங்கொடுக்குமானால், ஓரிரு நாளுக்குள்ளாகவே செய்துவிடுவது உத்தமம்.

தலையில் அடிபட்டதைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். வயது ஏற ஏற மூளை சற்றுச் சுருங்குகிறது. அதனால் மூளைக்கும் அதன் மேலுறைக்கும் இடையே செல்லும் மெல்லிய இரத்தக் குழாய்கள் இழுபட்டு நிற்கின்றன. சிறிய அதிர்ச்சியிலும் அவற்றுள் ஒன்று கிழிந்து, சொட்டுச் சொட்டாகக் கசிந்து, வாரக்கணக்கில் சேர்ந்து மூளையை அழுத்தத் தொடங்குகிறது. விழுந்த அன்று நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர், மூன்றாவது நான்காவது வாரத்தில் ஓயாத தலைவலி என்கிறார், நடையில் தள்ளாடுகிறார், பகலெல்லாம் தூங்குகிறார், பேரன் பெயரை மாற்றிச் சொல்கிறார். வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று குடும்பம் சமாதானம் செய்துகொள்கிறது. மண்டையோட்டில் சிறு துளையிட்டு அந்த இரத்தத்தை வடித்துவிட்டால் அநேகர் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறார்கள் என்பதால், இந்த அலட்சியம் என்னை மிகவும் வருத்துகிறது. இருதயத்துக்காக ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற மருந்துகளை உட்கொள்கிறவர் தலையில் அடிபட விழுந்தால், காயம் வெளியே தெரியாவிட்டாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அம்மருந்துச் சீட்டையும் கையோடு கொண்டுபோக வேண்டும்.

இனிக் கட்டிலின் விஷயம். 2007-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், எந்த நோயும் இல்லாத முதியவர்கள் சிலரைப் பத்தே நாள் படுக்கையில் இருக்கச் செய்து பார்த்தபோது, அவர்களுடைய கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ அளவுக்குத் தசை குறைந்துபோயிருந்தது. நோயற்றவருக்கே பத்து நாளில் இந்தக் கதியென்றால், முறிவும் வலியும் பசியின்மையும் சேர்ந்தவருக்குப் பத்து வாரத்தில் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். தசை கரைவதோடு நிற்பதில்லை. சளி கட்டி நிமோனியா வருகிறது, முதுகில் படுக்கைப்புண் விழுகிறது, காலில் இரத்தம் உறைந்து அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய்விடுகிறது, இரவு பகல் தெரியாமல் புத்தி தடுமாறுகிறது. ‘பாட்டனார் விழுந்தார், அதோடு படுத்தார், எழவே இல்லை’ என்று நம் வீடுகளில் சொல்லப்படும் வரலாறுகள் பலவற்றில், விழுந்ததைவிடப் படுத்ததற்கே பங்கு அதிகம்.

அப்படிப் படுத்துவிடாமல் எழுந்தவர் ஒருவரையும் பார்க்கலாம். அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த ஜான் கெர்ரி, தமது 71-ஆம் வயதில், 2015 மே 31 அன்று, பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தபோது சாலையோரக் கல்விளிம்பில் மோதி விழுந்து வலது தொடையெலும்பை முறித்துக்கொண்டார். பாஸ்டன் நகரத்துக்குக் கொண்டுபோய் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். அதற்கு ஒரு மாதம் கழியுமுன்பே அவர் கக்கத்தில் ஊன்றுகோல்களோடு வியன்னாவுக்குப் போய், ஈரானுடனான அணுசக்திப் பேச்சுவார்த்தையில் அமர்ந்து, ஜூலை 14-ஆம் தேதி உடன்படிக்கை முடியும் வரையில் அங்கேயே இருந்தார். தனி விமானமும் சிறந்த வைத்தியர்களும் அவருக்குக் கிடைத்தமை உண்மையே; அவை நம் கிராமத்துப் பெரியவருக்குக் கிடைக்கமாட்டா. ஆனால் அறுவைச் சிகிச்சை முடிந்த உடனேயே எழுந்து நிற்கத் தொடங்குவதென்ற அந்த முறை நம் அரசு ஆஸ்பத்திரிகளிலும் கிடைக்கக்கூடியதே.

அது நடக்கும் விதத்தைச் சற்று அருகிருந்து பார்க்கலாம். அறுவைச் சிகிச்சைக்கு மறுநாள், வைத்தியரின் அனுமதியோடு, பிசியோதெரபிஸ்ட் கட்டிலருகே வருகிறார். முழங்காலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, அதை அழுத்தும்படி சொல்லி, தொடைத் தசை இறுகுகிறதா என்று கையை வைத்துப் பார்க்கிறார். கணுக்காலை மேலும் கீழும் அசைக்கச் சொல்கிறார். இரத்தம் உறையாமலிருக்க இது உதவுகிறது. பிறகு கட்டில் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்காரவைத்து, தலைச்சுற்றல் தணிந்தபின், வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழச் செய்கிறார். வாக்கர் முதலில் நகர்கிறது, அடிபட்ட கால் அடுத்து, நல்ல கால் கடைசியில். முதல்நாள் நாலு அடி வைத்தால் போதும். கையில் கட்டுப் போட்டவருக்கு இதைப் போலவே விரல்களும் முழங்கையும் தோளும் அசைந்துகொண்டே இருக்க வேண்டும். கட்டுக்கு வெளியே தெரிகிற விரல்கள் வீங்கினாலோ நீலம் பாய்ந்தாலோ மரத்துப்போனாலோ, கட்டு இறுகிவிட்டதென்று அறிந்து அந்த க்ஷணமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். காறை எலும்பு முறிந்தவர், வலி சற்றுத் தணிந்தபின், நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, அடிபட்ட கையைத் தளரத் தொங்கவிட்டு, சிறு வட்டமாகச் சுழற்றி வர வேண்டும். இல்லையேல் எலும்பு கூடியபின் தோள் இறுகிச் சட்டை மாட்டவும் முடியாமற் போகும்.

ஆகாரத்தில் நாம் செய்யும் பிழை, உடம்பு சரியில்லாதவருக்கு என்று கஞ்சியையும் ரசம் சாதத்தையும் மட்டும் மாதக்கணக்கில் கொடுப்பது. தசையும் எலும்பும் கூடுவதற்குப் புரதம் வேண்டும். முட்டை, மீன், பருப்பு, சுண்டல், தயிர் ஆகியவற்றை அவரவர் வழக்கப்படி வேளைதோறும் சேர்க்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர் மட்டும் வைத்தியரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்தும் வேண்டும்; 100 கிராம் கேழ்வரகில் அது 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது.

உதவிக்குத் தமிழ்நாட்டு அரசாங்கத்தின் வழிகளும் உண்டு. சாலை விபத்தில் காயமுற்றவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பர் 18-இல் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் கீழ், நடமாட இயலாதவர்களின் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை அளிக்கிறார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி வைப்பது நல்லது. இன்னொன்று. மெதுவாக விழுந்தும் எலும்பு முறிந்ததென்றால் அந்த எலும்பு முன்பே தேய்ந்திருந்தது என்று அர்த்தம். அடர்த்தியைச் சோதித்து, வாரத்துக்கு ஒருமுறை விழுங்கும் மாத்திரையோ ஆண்டுக்கு ஒருமுறை ஏற்றும் மருந்தோ வேண்டுமா என்று வைத்தியரைக் கேட்காமல் வீடு திரும்பக் கூடாது.

மீண்டும் சைக்கிள் ஏறலாமா என்பது கடைசிக் கேள்வி. எலும்பு கூடியது எக்ஸ்ரேயில் தெரிய வேண்டும். வைத்தியர் சம்மதிக்க வேண்டும். பிரேக்கை இறுகப் பிடிக்கும் பலம் கையில் இருக்க வேண்டும். கழுத்தைத் திருப்பிப் பின்னால் வரும் வண்டியைப் பார்க்க வேண்டும். எதையும் பிடிக்காமல் ஒற்றைக் காலில் சில விநாடியாவது நிற்க வேண்டும். இத்தனையும் கைகூடினால், பாரில்லாத தாழ்ந்த சைக்கிளை வாங்கி, இரு பாதமும் தரையைத் தொடுமாறு சீட்டை இறக்கி, தலைக்கவசம் அணிந்து, ஆளரவமற்ற மைதானத்தில் பகல் வெளிச்சத்தில் தொடங்கலாம். கைகூடாவிட்டால், நடையே போதும். எலும்பை வலுப்படுத்துவதில் சைக்கிளைவிட நடை மேலானதுங்கூட.

பெரியவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே, இனி எதற்கு என்று சைக்கிளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுடைய பயம் நியாயமானதே. ஆயினும் அவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: வைத்திருப்பதோ விற்பதோ, அவர் எழுந்து நடமாடத் தொடங்கியபின், அவரையும் வைத்தியரையும் கூட வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.