காது சொன்ன வேகம்

இரவு நிகழ்ச்சியை முடித்து வீடு திரும்ப மணி ஒன்றாகிவிடும். அந்நேரத்தில் ஃபேரர் பார்க்கின் ஓவன் ரோடு அடங்கிக் கிடக்கும். அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தின் சரிவில் ஏறும்போது என் காரின் மூச்சு சுவரில் மோதித் திரும்பும். கேட்க எனக்குச் சுகமாகத்தான் இருந்தது. மூன்றாவது வாரம் பக்கத்து புளோக் தாத்தா மின்தூக்கியருகே பிடித்துக்கொண்டார். "தம்பி, ராத்திரியில அது என்ன சத்தம்? வண்டியில எங்கயாச்சும் ஓட்டையா?"

ஓட்டை இல்லை தாத்தா. 480 வெள்ளி கொடுத்து நானே மாட்டிய ஏர் இன்டேக்.

என்னுடையது 2013ல் பதிவான டொயோட்டா 86. வாகன உரிமைச் சான்றிதழை ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்திருக்கிறேன். ஐந்தாண்டுப் புதுப்பிப்பை மறுபடி நீட்டிக்க முடியாது என்பது கார் வைத்திருப்போருக்குத் தெரியும். நாள் எண்ணி ஓட்டும் வண்டி. இருக்கும்வரை நன்றாக ஓட்டிவிடலாமே என்ற ஆசையில்தான் இதில் இறங்கினேன்.

அந்த ஆசைக்கு ஒரு கணக்கும் இருந்தது. 86ன் என்ஜின் 1,998 சிசி. இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவுக்கு ஏறக்குறையக் காற்றை விழுங்கும். நிமிடத்துக்கு 7,000 சுற்று ஓடினால் ஏறத்தாழ 7,000 லிட்டர் காற்று. ஒரு கிராம் பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். ஆக, காற்று தாராளமாக உள்ளே போனால் சக்தி கூடும். 'கம்பெனிக்காரன் வைத்த கறுப்புப் பெட்டியைக் கழற்று, திறந்த கூம்பு ஃபில்டரை மாட்டு' என்று விற்பவர்கள் சொல்வதும் இதைத்தான். கூடுதலாக 8 குதிரைத்திறன் கிடைக்கும் என்று பெட்டியிலேயே அச்சடித்திருந்தார்கள்.

மாட்டிய அன்று வண்டி பறப்பதுபோல் இருந்தது. இங்கேதான் என் தொழில்புத்தி விழித்துக்கொண்டது. வானொலியில் ஒரே குரலைக் கொஞ்சம் சத்தமாக ஒலிக்கவிட்டால் 'தரம் கூடியிருக்கிறது' என்பார்கள் நேயர்கள். சத்தத்தை மேம்பாடு என்று நம்புவது காதின் பழக்கம். அந்தக் கறுப்புப் பெட்டியின் வேலைகளில் ஒன்று சத்தத்தை அடக்குவது. 86ல் இன்னொரு வேடிக்கையும் உண்டு: உள்ளிழுக்கும் சத்தத்தை ஓட்டுநரின் காதுக்குக் கொண்டுவரவே ஒரு தனிக் குழாயை உற்பத்தியாளர்களே வைத்திருக்கிறார்கள். காதின் பலவீனம் அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

முப்பது வெள்ளிக்கு ஓபிடி கருவி ஒன்று வாங்கி டாஷ்போர்டுக்குக் கீழே செருகினேன். என்ஜினுக்குள் போகும் காற்றின் வெப்பநிலையைக் கைப்பேசியில் காட்டும். ஞாயிறு மாலை, சிராங்கூன் ரோட்டில் வண்டிகள் எறும்பாக ஊர்ந்த நேரம். எண் ஏறிக்கொண்டே போய் 60 டிகிரியைத் தொட்டது. திறந்த ஃபில்டர் பானெட்டுக்குள் வெந்துகொண்டிருந்த காற்றையே இழுத்துக்கொண்டிருந்தது. சூடான காற்று அடர்த்தி குறைந்தது. 35 டிகிரிக் காற்றோடு ஒப்பிட்டால், 60 டிகிரியில் அதே கொள்ளளவில் ஏழரை விழுக்காடு குறைவான காற்றுதான் இருக்கும். என் வண்டியின் 200 குதிரைத்திறனுக்குக் கணக்குப் பார்த்தால் 15 போச்சு. போதாக்குறைக்கு, சூடான காற்றைக் கண்டதும் என்ஜின் கணினி தீப்பொறி நேரத்தையும் பின்தள்ளும்.

பிஐஇ விரைவுச்சாலையில் ஏறியதும் எண் இறங்கியது உண்மை. சிப்பாங் பந்தயத் தடத்தில் ஓட்டுபவருக்கு இந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது. ஆனால் நான் ஓட்டுவது ரேஸ் கோர்ஸ் ரோட்டில். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். 1843 முதல் 1933 வரை இந்த வட்டாரத்தில் குதிரைகள் ஓடின. இப்போது வாழையிலைச் சாப்பாட்டுக்கு வண்டிகள் வரிசைபிடித்து நிற்கின்றன.

அடுத்து மனம் போனது, ஃபில்டரைத் தாழ்வாக, பம்பருக்குப் பின்னால் இறக்கிவைக்கும் நீண்ட குழாய்மேல். குளிர்ந்த காற்று கிடைக்கும். மழை பெய்தால் தண்ணீரும் கிடைக்கும். தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் புகுந்தால் பிஸ்டன் தண்டு வளைந்துவிடும், என்ஜின் போயிற்று. 2010 ஜூன் 16ஆம் தேதி ஆர்ச்சர்ட் ரோட்டிலேயே கார்கள் மூழ்கி நின்றதைப் பார்த்த ஊர் இது. நாள் எண்ணி ஓட்டும் வண்டிக்கு அந்தச் சூதாட்டம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

வாங்கியே தீரவேண்டும் என்பவர்கள் பார்க்கவேண்டியது ஃபில்டரின் நிறத்தையோ குழாயின் பளபளப்பையோ அல்ல, காற்று எங்கிருந்து வருகிறது என்பதை. நான்கு பக்கமும் மூடிய பெட்டி, முன்பக்கத் திறப்பிலிருந்து நேராக வரும் குழாய்: இவை இரண்டும் இருந்தால் பேசலாம். ஐஎஸ்ஓ 5011 முறையில் தூசு வடிகட்டும் திறனைச் சோதித்த அறிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள். எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டரைக் கழுவி மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம். ஆனால் எண்ணெய் கூடிப்போனால், காற்றை அளக்கும் உணர்கருவியில் அது படிந்து கணக்கைக் குழப்பும். உலர் ஃபில்டரில் அந்தத் தொல்லை இல்லை.

சட்டமும் இருக்கிறது. அனுமதி தேவையில்லாதவை, அனுமதி பெற்றே செய்யவேண்டியவை, செய்யவே கூடாதவை என வாகன மாற்றங்களை நிலப் போக்குவரத்து ஆணையம் மூன்றாகப் பிரித்திருக்கிறது. புகைக்குழாயை மாற்ற அனுமதி வேண்டும். நீங்கள் வாங்கப்போவது எந்த வகையில் வருகிறது என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே பாருங்கள். காப்புறுதி நிறுவனத்திடமும் சொல்லிவிடுங்கள். பத்து வயதைத் தாண்டிய காருக்கு ஆண்டுதோறும் பரிசோதனை உண்டு.

எனக்கு அதை மாட்டிக்கொடுத்த இளைஞர் இவை எதையும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஜாலான் புசார் பக்கம் ஒரு சந்தில் பட்டறை வைத்திருக்கும் சீன அங்கிளிடம் வண்டியைக் கொண்டுபோனேன். பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: பழைய பெட்டியை வைத்திருக்கிறாயா, தூக்கிப் போட்டுவிட்டாயா? நல்லவேளை, கட்டிலுக்கடியில் இருந்தது. புதுக் காகித ஃபில்டரோடு அரைமணி நேரத்தில் மாட்டிவிட்டார்.

அடுத்த ஞாயிறு, அதே சாலை, அதே நெரிசல். எண் 44க்கு மேல் ஏறவில்லை.

கழற்றியதைப் பாதி விலைக்கு விற்பதாக நண்பர்களிடம் சொல்லிவைத்தேன். தேசிய சேவையை அண்மையில் முடித்த தம்பி ஒருவர் வந்தார். வெப்பநிலைக் கணக்கைக் கைப்பேசியில் காட்டி, ஒன்றுவிடாமல் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அதெல்லாம் சரிண்ணே," என்றார். "சத்தம் நல்லா இருக்குமா?"

இருக்கும் என்றேன். பணத்தை எடுத்து நீட்டினார்.