துடைத்துத் துடைத்து வந்த கீறல்

நாலைந்து வருடம் ஓடிய கறுப்புக் கார் ஒன்றை நல்ல வெயிலில் நிறுத்தி, பானெட்டில் சூரியன் பளிச்சிடும் இடத்தை உற்றுப் பாருங்கள். அந்த வெளிச்சப் புள்ளியைச் சுற்றி மெல்லிய கீறல்கள் வட்ட வட்டமாகத் தெரியும். யாரோ வட்டமாகவே தேய்த்திருக்கிறார்கள் என்று தோன்றும். உண்மையில் அந்தக் கீறல்கள் எல்லாத் திசையிலும் தாறுமாறாகக் கிடக்கின்றன. வெளிச்சத்துக்குக் குறுக்காக அமைந்தவை மட்டுமே ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகின்றன. அதனால் அவை மட்டும் மின்னி, வளையமாகத் தெரிகின்றன. நீங்கள் தலையை நகர்த்தினால் வளையமும் கூடவே நகரும். பல வருடம் தேய்த்த எவர்சில்வர் தட்டை விளக்கடியில் பிடித்தாலும் இதே வளையங்கள் தெரியும். காரணமும் இதேதான்.

சாலையில் தெறிக்கும் கல் பட்டால் பெயின்ட் புள்ளியாகப் பெயரும். நூல் நூலாகக் கீறல் விழாது. இவற்றில் பெரும்பாலானவை நம் வீட்டு வாசலில், காரைச் சுத்தம் செய்கிறோம் என்ற பெயரில் நாமே போட்டவை.

காரின் தகட்டின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட் என்று பொதுவாக நான்கு அடுக்குகள் இருக்கும். எல்லாம் சேர்ந்தே 100 முதல் 150 மைக்ரான் வரைதான். அதில் கிளியர் கோட் மட்டும் சுமார் 40 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய பாதி. பளபளப்பைத் தருவதும், வெயிலின் புற ஊதாக் கதிர்கள் நிறத்தை வெளுக்காமல் தடுப்பதும் இந்த அடுக்குதான். இது பாலிமர், அதாவது ஒரு வகைப் பிளாஸ்டிக். இதன்மேல் வந்து உட்காரும் தெருத் தூசியில் இருப்பதோ குவார்ட்ஸ் மணல். மோஸ் கடினத்தன்மை அளவில் குவார்ட்ஸுக்கு 7. அது ஜன்னல் கண்ணாடியையே கீறும். உலர்ந்த துணியால் தூசியைத் துடைக்கும்போது, அந்த மணலைத் துணிக்கும் பெயின்டுக்கும் நடுவில் வைத்து நாமே அழுத்தி இழுக்கிறோம். உப்புக்காகிதம் வேலை செய்வதும் இதே முறையில்தான்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் விடிவதற்குள் ஒரே வாளித் தண்ணீரில் வரிசையாகக் கார்களைத் துடைத்து முடிப்பவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. சில நூறு ரூபாய் மாதச் சம்பளத்துக்குத் தினமும் கார் பளபளக்க வேண்டும் என்று கேட்பது நாம்தான். என் கட்சி இதுதான்: தினமும் துடைக்கப்படும் காரைவிட, ஒரு வாரம் தூசியோடு நின்று பிறகு ஒழுங்காகக் கழுவப்படும் காருக்கு ஆயுள் அதிகம். தூசி சும்மா உட்கார்ந்திருந்தால் கீறாது. இழுத்தால்தான் கீறும்.

ஆகவே வீட்டில் கார் கழுவுவதற்கு ஒரே விதிதான். துணி பெயின்டைத் தொடுவதற்கு முன்னால் எவ்வளவு தூசியைத் தண்ணீரிலேயே அனுப்ப முடியுமோ அவ்வளவையும் அனுப்பிவிட வேண்டும். மற்ற குறிப்புகள் எல்லாம் இதிலிருந்து பிறந்தவைதான்.

முதலில் இடம். நிழல் வேண்டும், பானெட்டில் கை வைத்தால் சூடு தெரியக் கூடாது. சூடான தகட்டில் சோப்புத் தண்ணீர் நொடியில் காய்ந்து திட்டாகிவிடும். காலை 7 மணிக்குள் அல்லது வெயில் தாழ்ந்த பிறகு நல்லது. சக்கரங்களை முதலில் முடித்துவிடுங்கள். அதற்குத் தனி வாளி, தனித் துணி. சக்கரத்தில் படியும் கறுப்புப் பொடி சாதாரணத் தூசி அல்ல. பிரேக் பேடும் டிஸ்க்கும் உரசி உதிர்ந்த இரும்புத் துகள் அதில் உண்டு. அந்தத் துணி கதவில் பட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இந்த இரும்பைக் கரைக்கவென்றே விற்கும் திரவத்தைத் தெளித்தால் சக்கரம் ஊதா நிறமாக ஒழுகும்; பார்க்க வேடிக்கையாக இருக்கும். அதில் இருப்பது தயோகிளைக்கோலேட் என்ற உப்பு. முடியைச் சுருளாக்க அழகு நிலையங்களில் பூசும் திரவத்திலும் இதே குடும்பத்து வேதிப்பொருள்தான்; இரண்டிலும் ஒரே நாற்றம் வருவது அதனால்தான்.

அடுத்து, எதையும் தொடாமல் கூரையிலிருந்து கீழே தண்ணீர் ஊற்றுங்கள். பிறகு நுரை. கடையில் விற்கும் பிரஷர் வாஷர் இல்லையென்றால், செடிக்கு மருந்தடிக்கும் கைப்பம்பு ஸ்பிரேயரில் (புதிதாக வாங்கியதில், மருந்து பட்டதில் அல்ல) கார் ஷாம்பு கலந்து அடித்தாலே போதும். ஐந்து நிமிடம் ஊறட்டும், காயவிட வேண்டாம். மீண்டும் தண்ணீர். துணியே படாமல் கணிசமான மண் இதிலேயே இறங்கிவிடும். பிரஷர் வாஷர் வைத்திருப்பவர்கள் முனையை ஓர் அடியாவது தள்ளிப் பிடிக்க வேண்டும். கல் பட்டுப் பெயர்ந்த இடத்தின் ஓரத்தில் நேராக அடித்தால் பெயின்ட் செதிலாகக் கிளம்பிவிடும்.

அந்த ஐந்து நிமிடத்தில் ஷாம்பு செய்யும் வேலை சுவாரசியமானது. தண்ணீரின் பரப்பு இழுவிசை அதிகம். எண்ணெய்ப் பசையுள்ள அழுக்கின்மேல் அது பரவாமல் உருண்டுவிடும். சோப்பு மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரை நாடும், மறு முனை எண்ணெயை நாடும். அது பரப்பில் போய் நின்றதும் இழுவிசை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். தண்ணீர் பரவி அழுக்கின் அடிக்குள் நுழையும். அங்கே மணலைச் சுற்றி எண்ணெய் முனைகள் ஒட்டிக்கொண்டு அதைத் தூக்கிவிடும். பரப்பில் படியும் பசை இந்த இழுவிசையை எப்படி மாற்றுகிறது என்று முதலில் கவனமாக அளந்தவர்களில் ஒருவர் ஆக்னஸ் போக்கெல்ஸ். கல்லூரிக்கே போகாத ஜெர்மன் பெண். வீட்டு வேலைக்கு நடுவே ஒரு தகரத் தொட்டியை வைத்து அளந்து, முடிவுகளை இயற்பியலாளர் ராலே பிரபுவுக்குக் கடிதமாக எழுதினார். 1891இல் 'நேச்சர்' இதழ் அதை வெளியிட்டது. பாத்திரம் கழுவும் தொட்டியடியில் தொடங்கிய அறிவியல் இது என்பதைக் கார் கழுவும் ஆண்கள் அறிந்திருப்பது நல்லது.

துணி துவைக்கும் பவுடர் வேண்டாம். காரத்தன்மை அதிகம், கரையாத குருணையும் மிஞ்சும். பாத்திரம் தேய்க்கும் கட்டி சோப்பு அதைவிட மோசம். கறையைச் சுரண்டுவதற்கென்றே அதில் கனிமப் பொடி கலந்திருக்கிறார்கள். பாத்திரம் கழுவும் திரவத்தால் பெயின்ட் உரிந்துவிடும் என்று பயமுறுத்துவதெல்லாம் மிகை. ஆனால் அது எண்ணெயோடு சேர்த்து நீங்கள் பூசிய வாக்ஸையும் கொண்டுபோய்விடும்.

இனித்தான் துணி பெயின்டைத் தொடுகிறது. இரண்டு வாளிகள். ஒன்றில் ஷாம்பு தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். ஒவ்வொரு பகுதியைத் துடைத்ததும் துணியை வெறும் தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகே ஷாம்பு வாளிக்குள் விட வேண்டும். கூரை, கண்ணாடி, பானெட், டிக்கி, கதவின் மேல்பாதி, கடைசியில் கதவின் அடிப்பகுதி என்ற வரிசையை மாற்றாதீர்கள். சக்கரம் வாரியடிக்கும் சேறு கீழேதான் ஒட்டியிருக்கும். வட்டமாகத் தேய்க்காமல் நேர்கோட்டில், துணியின் எடையே போதும் என்ற அளவில் இழுங்கள்.

துணி என்றால் மைக்ரோஃபைபர். மஞ்சள் துணி, பழைய பனியன், பூத்துவாலை எதுவும் அதற்கு ஈடில்லை. இதற்கு முன்னோடியான மிக நுண்ணிய செயற்கை இழைகளை 1970 வாக்கில் ஜப்பானின் டோரே நிறுவனத்தில் மியோஷி ஒகமோட்டோ உருவாக்கினார். பாலியெஸ்டரையும் பாலிஅமைடையும் சேர்த்து நூற்று, பிறகு அந்த இழையைப் பிளந்துவிடுகிறார்கள். பிளந்த இழைகளுக்கு நடுவிலுள்ள சந்துகள் தண்ணீரை உறிஞ்சுவதோடு மணலையும் உள்ளே இழுத்து வைத்துக்கொள்கின்றன. மணல் பெயின்டின் மேல் உருளுவதில்லை. இந்தத் துணியைத் துவைக்கும்போது வாசனைக்காக ஊற்றும் துணி கண்டிஷனரைச் சேர்க்காதீர்கள். அது இழைகளின் மேல் மெழுகுபோல் படிந்து சந்துகளை அடைத்துவிடும். கழுவும்போது துணி தரையில் விழுந்துவிட்டால், அன்றைக்கு அது டயர் துணி.

தமிழ்நாட்டில் பாதிக் கார்களைக் கெடுப்பது இதற்கு அடுத்த கட்டம்தான்: அலசிய தண்ணீர் காய்வது. குடிநீரின் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லாவிட்டால் 600 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. போர்வெல் தண்ணீர் பல இடங்களில் இதையும் தாண்டும். லிட்டரில் ஒரு கிராம் உப்பு கரைந்திருக்கும் தண்ணீரில் 100 மில்லி காரின் மேல் தங்கிக் காய்ந்தால், 100 மில்லிகிராம் உப்பு அங்கேயே நிற்கும். அதுவும் சீராகப் படியாமல் வளையம் வளையமாகப் படியும். காப்பி சிந்திக் காய்ந்த இடத்தில் ஓரம் மட்டும் கறுப்பது ஏன் என்று சிகாகோ பல்கலைக்கழகத்தின் ராபர்ட் டீகனும் குழுவினரும் 1997இல் விளக்கினார்கள். துளியின் விளிம்பில் தண்ணீர் வேகமாக ஆவியாகிறது. அதை ஈடுகட்ட நடுவிலிருந்து தண்ணீர் விளிம்பை நோக்கி ஓடுகிறது. கூடவே துகள்களையும் ஓரத்தில் கொண்டுபோய்க் குவிக்கிறது. உங்கள் காரின் வெள்ளை வளையங்களைப் பெரும்பாலும் உண்டாக்குவது இந்த ஓட்டம்தான்.

அதனால் கடைசி அலசலுக்கு உப்பில்லாத தண்ணீர் தேடுங்கள். சென்னைப் புழுக்கத்தில் வீட்டு ஏசியின் குழாய் சொட்டுவது காற்றிலிருந்து குளிர்ந்து இறங்கிய தண்ணீர். கிட்டத்தட்ட உப்பே இல்லாதது. இரவில் ஒரு வாளி வைத்தால் காலையில் கணிசமாகச் சேர்ந்திருக்கும். துணியில் வடிகட்டி ஊற்றலாம். மழைத் தண்ணீரும் அப்படியே. ஆர்ஓ கழிவுநீரைச் சேமித்துக் காருக்கு ஊற்றுபவர்களின் அக்கறை பாராட்டத்தக்கது, ஆனால் அதில் உப்பு இன்னும் செறிந்திருக்கும். முதல் அலசலுக்கும் டயருக்கும் அதை வைத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே படிந்த வெள்ளைக் கறைக்குச் சம அளவு தண்ணீர் கலந்த வினிகரை நனைத்து ஒரு நிமிடம் வைத்துத் துடைத்து, உடனே அலசிவிடுங்கள். கால்சியம் கார்பனேட் அமிலத்தில் கரையும். சிலிக்கா கறை என்றால் அசையாது.

தண்ணீரைப் பற்றிப் பேசும்போது அளவையும் சொல்லியாக வேண்டும். ஹோஸைத் திறந்தபடியே விட்டு, நிமிடத்துக்கு 10 லிட்டர் என்று வைத்துக்கொண்டாலும் கால் மணி நேரத்தில் 150 லிட்டர். வாளி முறையில் அதில் மூன்றில் ஒரு பங்கே தாராளம். 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். 2024 மார்ச்சில் பெங்களூரில் குடிநீரில் வாகனம் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவு போட்டது.

காக்கை, மைனா எச்சத்துக்கு மட்டும் வாராந்திரக் கழுவல் வரை காத்திருக்கக் கூடாது. அதன் வெள்ளைப் பகுதி யூரிக் அமிலம். அதைவிடப் பெரிய சேதத்தை வெயில் செய்கிறது. மதியச் சூட்டில் கிளியர் கோட் இளகி விரிகிறது. எச்சம் அதற்குள் காய்ந்து கெட்டியாகிவிடுகிறது. மாலையில் சுருங்கும் கிளியர் கோட் எச்சத்தின் கரடுமுரடான அடிப்பக்கத்துக்கு ஏற்றபடி இறுகிவிடுகிறது. பிறகு எவ்வளவு கழுவினாலும் அந்த இடம் மங்கலாகவே நிற்கும். சுரண்டாதீர்கள். நனைத்த டிஷ்யூவை மேலே பத்து நிமிடம் போட்டு வைத்தால் தானே ஊறி வந்துவிடும்.

ஆயுத பூஜைச் சந்தனத்துக்கும் இதே வைத்தியம்தான். காய்ந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் மறுநாள் உலர்ந்த துணியால் தேய்த்து எடுப்பது, வருடத்துக்கு ஒருமுறை பானெட்டுக்கு நாம் நடத்தும் இன்னொரு பூஜை. வெள்ளைக் காரில் மஞ்சள் கறை நின்றுவிட்டால் கவலை வேண்டாம். மஞ்சளின் நிறமியான குர்குமின் வெயிலில் சிதையும். நாலு நாள் வெளியே நிறுத்துங்கள், வெளுத்துவிடும்.

பாலீஷ், வாக்ஸ், செராமிக் கோட்டிங் என்று கடையில் மூன்றையும் ஒன்றாகவே பேசுவார்கள். பாலீஷ் கீறலை நிரப்புவதில்லை. கீறலின் ஆழத்துக்குச் சுற்றியுள்ள கிளியர் கோட்டைத் தேய்த்து இறக்குகிறது. இருப்பதே 40 மைக்ரான் என்பதால் அடிக்கடி செய்யக் கூடாத வேலை. வாக்ஸ் மேலே பூசுவது. பிரேசிலின் கார்னாபா பனையோலையிலிருந்து எடுக்கும் மெழுகு அதில் பேர்பெற்றது. நம் வெயிலில் சில வாரமோ ஓரிரு மாதமோ நிற்கும். செராமிக் கோட்டிங்குக்குப் பல ஆயிரம் ரூபாய் கேட்பவர்கள் '9எச் கடினம்' என்பார்கள். அது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் அளவு; மோஸ் அளவில் 9 என்று பொருள் இல்லை. குவார்ட்ஸ் மணல் அதையும் கீறும். தண்ணீர் முத்து முத்தாக உருள்வதைக் காட்டி விற்பார்கள், அழகுதான். ஆனால் உருண்டு ஓடாமல் நின்றுவிட்ட ஒவ்வொரு முத்தும் போர்வெல் தண்ணீரில் ஒரு வெள்ளை வளையம்.

உள்ளே அதிக வேலையில்லை. மேட்டை உதறுங்கள், வாக்யூம் போடுங்கள், டேஷ்போர்டை ஈரத் துணியால் துடைத்தால் போதும். பளபளக்கும் டேஷ்போர்டு பாலீஷ் முன்கண்ணாடியில் பிரதிபலித்து, வெயிலில் ஓட்டும்போது கண்ணைக் கூசும். ஏசியில் ஈர நாற்றம் வந்தால் வாசனை டப்பா வாங்காமல், வீடு வந்து சேரும் கடைசி இரண்டு நிமிடம் ஏசியை அணைத்து ஃபேனை மட்டும் ஓடவிடுங்கள். உள்ளிருக்கும் குளிர்ச்சுருளின் ஈரம் காய்ந்தால் பூஞ்சைக்கு இடமில்லை.

கழுவித் துடைத்த காரை அப்படியே ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்திவிடாதீர்கள். பிரேக் டிஸ்க் வெறும் வார்ப்பிரும்பு. ஈரத்தோடு நின்றால் சில மணி நேரத்தில் செம்மண் நிறத்தில் துரு பூக்கும், பேட் அதோடு ஒட்டிக்கொள்ளவும் செய்யும். தெருவை ஒருமுறை சுற்றி, நாலைந்து தடவை மெதுவாக பிரேக் அழுத்திவிட்டு வந்து நிறுத்துங்கள். உரசலின் சூட்டிலேயே அது காய்ந்துவிடும்.